ஆறாவது விரலுக்கு ஏழு தாள்

அவர் அனுப்பிய தாள்கள் மிகச் சுத்தமாக இருந்தன. என் சந்தேகம் அங்கேதான் தொடங்கியது.

சிவகிரியிலிருந்து வரும் பஸ்ஸின் கண்டக்டர், தென்காசி புது பஸ் ஸ்டாண்டில் ஒரு பிளாஸ்டிக் குழாயை என்னிடம் நீட்டுவார். "டீச்சர், ஒங்க ராக்கெட்டு." குழாய்க்குள் அறுபது தாள், எழுபது தாள். வீட்டுக்குப் போகும்வரை பொறுக்காமல் அங்கேயே சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக உருவி வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பேன். அழித்த தடம் இல்லை. பென்சில் தயங்கிய இடம் இல்லை. விரல் பட்டு மங்கிய ஓரம்கூட இல்லை. தாளை முகர்ந்தும் பார்த்திருக்கிறேன். பிரிண்டர் மைக்கு ஒரு வாடை உண்டு என்று எனக்கு ஓர் எண்ணம். வந்தது எலுமிச்சை வாடை. புளியங்குடி வழியாக வரும் எந்தப் பொருளிலும் அது இருக்கும். அதை வைத்து யாரையும் குற்றம் சொல்லவும் முடியாது, விடுதலை செய்யவும் முடியாது.

நான் ஒரு தனியார் பள்ளியில் தாவரவியல் நடத்துகிறவள். இருபது வருஷமாக உரைநடையில் கவிதை எழுதுகிறேன். அதைக் கவிதை என்கிறவர்களும் உண்டு, இல்லை என்கிறவர்களும் உண்டு. எழுதிய வரி ஒன்றுகூட நகரவில்லை, எல்லாம் சுவரில் அடித்த ஆணி மாதிரி நிற்கிறது என்று தோன்றிய ஒரு மழைக்காலத்தில், நாற்பத்தைந்து வயதில், ஓவியமும் அனிமேஷனும் கற்பிக்கும் முதுகலைப் படிப்பில் சேர்ந்தேன். பல்கலைக்கழகம் எங்கோ ஒரு பெருநகரத்தில். சனி, ஞாயிறு திரையில் வகுப்பு. வரைவது வீட்டில். திரையின் சின்னக் கட்டங்களில் தெரிந்த முகங்கள் எல்லாம் என் மாணவர்களின் வயது. இரண்டு கட்டங்கள் மட்டும் வேறு. ஒன்று நான். மற்றது ஒரு சிவகிரிக்காரர். பட்டாளத்தில் வரைபடப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர், மீசையை மட்டும் இன்னும் டியூட்டியில் வைத்திருந்தவர். ஒரே மாவட்டம் என்பதால் துறை எங்களைச் சோடி சேர்த்துவிட்டது. எனக்கு அவர் அண்ணாச்சி. அவருக்கு நான் டீச்சர்.

சோடி என்பது பேச்சுக்கு இல்லை. அனிமேஷனில் ஓர் அசைவின் தொடக்கத்தையும் முடிவையும் ஒருவர் வரைவார். அவை தலைப்படங்கள். நடுவில் வருபவற்றை இன்னொருவர் வரைவார். அவை இடைப்படங்கள். ஸ்டூடியோக்களில் அப்படித்தான் வேலை நடக்கும் என்று எங்கள் துறையிலும் அதை வழக்கமாக வைத்திருந்தார்கள். என் படத்துக்கு அவர் இடை. அவர் படத்துக்கு நான் இடை. இரண்டு தலைப்படங்களைக் கொடுத்தால் நடுவில் உள்ளதை மெஷினே நொடியில் நிரப்பித் தந்துவிடும் காலம் இது. அதனால் கடைசிப் பருவத்தில் ஓர் உறுதிச்சீட்டையும் சேர்த்தார்கள். ஒருவர் தன் படத்திலும் சோடியின் படத்திலும் வரைந்த ஒவ்வொரு காட்சிக்கும் நேரே, 'இதிலுள்ள கோடுகள் அனைத்தும் கையால் வரையப்பட்டவை' என்று சோடி கையெழுத்திட வேண்டும். கையெழுத்து இல்லாத படத்தை வாங்க மாட்டார்கள். பொய்க் கையெழுத்து என்று தெரிந்தால் இரண்டு பேர் படமும் போகும். நான் ஏற்கெனவே ஒரு வருஷம் கூடுதல் அவகாசம் வாங்கியிருந்தேன். ஆடி முடிவதற்குள் கொடுக்காவிட்டால் பட்டம் இல்லை, மறுபடி முதலிலிருந்து. நாற்பத்தெட்டு வயதில் முதலிலிருந்து என்பது நடக்காத காரியம்.

என் படம் அருவி. குற்றாலத்துப் பேரருவியில் பெண்கள் பக்கம் நிற்கும் ஒருத்தியைத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக யாரென்று தெரியாமல் ஆக்குகிறது. மூன்று நிமிடம், அவ்வளவுதான் கதை. தண்ணீரை வரைவது ஏமாற்று வேலை. விழும் நீரை எட்டுத் தாளில் வரைந்து, எட்டிலிருந்து மறுபடி ஒன்றுக்குத் திரும்பினால் அருவி நிற்காமல் கொட்டும். எட்டில் ஏதாவது ஒன்றில் ஒரு துளி கூடுதலாகிவிட்டால் கண் அதைப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு சுற்றிலும் 'இந்தா வந்துட்டு, இந்தா வந்துட்டு' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அதை வரைந்த மாதங்களில் நிஜ அருவியின் மேலேயே எனக்கு நம்பிக்கை போயிற்று. போலீஸ்காரர் விசில் ஊதி ஒதுக்கும்வரை எதிரே நின்று, அந்த வெள்ளைக் கற்றை எந்த இடத்தில் திரும்ப வருகிறது என்று தேடியிருக்கிறேன். ஒரு நாள் பிடித்தும்விட்டேன். இடது ஓரத்தில் ஒரு சிதறல். ஒரு மூச்சு விட்டதும் மறுபடி அதே சிதறல். இதுவும் எட்டுத் தாள்தான், மேலே யாரோ உட்கார்ந்து புரட்டுகிறார்கள்.

போதாததற்குப் பள்ளியில் ரெக்கார்டு நோட்டு திருத்தித் திருத்தி எனக்கு ஒரு கெட்ட பழக்கமும் வந்திருந்தது. செம்பருத்திப் பூவின் வெட்டுத் தோற்றத்தைப் பார்த்த மாத்திரத்தில், இது பையன் வரைந்ததில்லை, அவன் அக்கா வரைந்தது என்று சொல்லிவிடுவேன். தப்பியதில்லை. இப்படிப்பட்டவளிடம்தான் அண்ணாச்சியின் தாள்கள் வந்து சேர்ந்தன.

அறுபத்து நான்கு தாள் நாலே நாளில் வந்தபோது போன் செய்தேன்.

"எப்படி அண்ணாச்சி இவ்வளவு சீக்கிரம்?"

"காலைல நாலு மணிக்கு எந்திரிச்சா எல்லாம் சீக்கிரந்தான் டீச்சர்."

"ரப்பரே போடுததில்லையா?"

"பட்டாளத்துல ரப்பர் போட்டா மேப்புல ஒரு மலை காணாமப் போயிரும். அப்படிப் பழகுன கையி."

"எனக்கு ஒரு தாளுக்கு அரைமணி நேரம் ஆகுது."

"நீங்க கவிதை எழுதுதவ. யோசிப்பீய."

பாராட்டா குத்தலா என்று பிடிபடவில்லை. பின்னால் ஒரு பெண் குரல் டீ ஆறுகிறது என்றது. அவர் போனை வைத்துவிட்டார்.

நான் ஒரு பொறி வைத்தேன். குளிக்கிறவளின் முகத்தில், ஒன்றாம் படத்தில் மூக்குத்தி இடப்பக்கம். ஒன்பதாம் படத்தில் வலப்பக்கம். தலை திரும்பவில்லை. நடுவில் உள்ள ஏழும் அவருக்கு. மெஷின் என்றால் மூக்குத்தி எறும்பு மாதிரி மூக்கின் மேல் ஊர்ந்து அந்தப் பக்கம் போய் உட்காரும். மனிதன் என்றால் எனக்குப் போன் வரும்.

போன் வரவில்லை. மூன்றாம் நாள் குழாய் வந்தது. பெஞ்சில் வைத்துப் புரட்டினேன். இரண்டாம் படத்தில் நீர் முகத்தின் மேல் சரிகிறது. மூன்றில் கை மேலே எழுகிறது. நான்கிலும் ஐந்திலும் முகமே இல்லை, நீர்தான். ஆறில் நீர் விலகும்போது அவள் விரல்கள் வலப்பக்கம் எதையோ திருகுகின்றன. ஏழில் கை இறங்குகிறது. எட்டில் மூக்குத்தி வலப்பக்கம். இடப்பக்கம், அது முன்பு இருந்த இடத்தில், ஒரே ஒரு புள்ளி. துளை. கூடவே ஒரு துண்டுச்சீட்டு: 'அருவிக்குள்ள நின்னு யாரும் மூக்குத்தி மாத்த மாட்டாவ டீச்சர். நீங்க வரைஞ்சிட்டீயளேன்னு மாத்த வச்சிருக்கு.'

அந்தப் புள்ளியைப் பார்த்து வெட்கமாக இருந்தது. எந்த மெஷினும் அந்தத் துளையை வைக்காது. வெட்கம் வீடு வரைக்கும் கூட வந்தது. வாசலில் செருப்பைக் கழற்றும்போது வேறு ஒன்று தோன்றியது. முப்பது வருஷம் மலையும் ரோடும் வரைந்த ஆணுக்கு, மூக்குத்தி கழன்ற துளை எப்படி நினைவுக்கு வந்தது?

ஆடி பிறந்தது. சீட்டில் கையெழுத்து வாங்க அழைத்தேன். "ஞாயித்துக்கெழமை நானும் வீட்டம்மாவும் ஐந்தருவிக்கு வாறோம். அங்கன வந்துருங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒரு விசயமும் பேசணும்" என்றார். அந்த ஒரு விசயம் ஞாயிறு வரை என் காதுக்குள் கொசுவாகச் சுற்றியது.

ஐந்தருவியில் அன்று நல்ல சாரல். வெயிலும் மழையும் ஒரே நேரத்தில் விழுந்து எதுவும் நிஜம் மாதிரி இல்லை. கடையோர பெஞ்சில் அண்ணாச்சி மட்டும் காய்ந்த சட்டையோடு குழாயை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி குளித்துவிட்டு, ஈரத்தலையில் துண்டு சுற்றி வந்தார். அப்போதுதான் அவரை முதன்முதலில் பார்த்தேன்.

"டீச்சர் குளிக்கலியா? அருவியையே மூணு வருசமா வரையுதீய. தலையக் காட்ட மாட்டீயளோ?"

"சளி பிடிக்கும் அக்கா."

"அப்ப பயந்துட்டேதான் வரைஞ்சிருக்கீய."

அண்ணாச்சி சிரிக்கவில்லை. குழாயைத் திறந்து ஏழு தாளைப் பெஞ்சில் பரப்பினார். அவருடைய படத்துக்கு நான் போட்ட இடைப்படங்கள். புளியங்குடி எலுமிச்சைச் சந்தையில் ஒரு பழம் கை மாறிக் கை மாறி லாரி ஏறும் கதை அது. முகமே கிடையாது, கைகள் மட்டும்.

"எண்ணுங்க டீச்சர்."

"ஏழு."

"தாள இல்ல. வெரல."

எண்ணினேன். முதல் தாளில் ஐந்து. இரண்டாவதில் ஐந்தும், சுண்டுவிரலுக்கு வெளியே கடுகளவு ஒரு புடைப்பும். மூன்றாவதில் அது பட்டாணி. நான்கில் மொட்டு. ஐந்தில் அதற்கு ஒரு கணு வந்திருந்தது. ஆறில் நகம். ஏழாவதில், எலுமிச்சம்பழத்தை மற்ற விரல்களோடு சேர்ந்து அழகாகப் பிடித்திருந்தது ஆறாவது விரல். நிழல்கூடப் போட்டிருந்தேன்.

"கடைசிப் படத்துல வேணும்னே ஆறு வெரலு போட்டு அனுப்புனேன்" என்றார். "மனுசன் வரைஞ்சா கேட்டிருப்பான்லா? நீங்க ஒரு வார்த்த கேக்கல. கொழந்தைய வளக்குத மாதிரி வளத்து அனுப்பிட்டீய. நான் இதுல கையெழுத்துப் போட மாட்டேன். பொய்ச்சாட்சி சொல்லிப் பழக்கமில்ல."

அந்த ஏழு தாளையும் நான்தான் வரைந்தேன். அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேல் இரண்டு தலைப்படத்தையும் அடுக்கி, கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே கோடு போட்டுக்கொண்டே போனேன். எதை வரைகிறேன் என்று பார்க்கவில்லை. அந்த வாரம் முழுக்க என் கண் பக்கத்தில் கிடந்த அவருடைய தாள்கள் மேல் இருந்தது, எங்கே மாட்டுவார் என்று.

"நான்தான் வரைஞ்சேன் அண்ணாச்சி. பாக்காம வரைஞ்சிட்டேன்."

"பாக்காம எப்படி வரைவாவ?"

எனக்குக் கோபம் வந்தது. "நீங்க மட்டும் யோக்கியமா? ஒங்களுக்கும் ஒரு பொறி வச்சேன். அந்த மூக்குத்தி."

அவர் முகம் சுருங்கியது. "என்னையா சந்தேகப்பட்டீய?"

அவர் மனைவிக்குச் சிரிப்புத் தாளவில்லை. "நல்ல சோடிதான் சேத்துருக்காவ. ரெண்டும் எதிரும் புதிருமா சென்ட்ரி நிக்குதுவ." டீ கிளாஸை என்னிடம் நீட்டிக்கொண்டே, "ஆனா மூக்குத்திய மாத்துனா அந்தப் பக்கம் தொள தெரியணும்லா டீச்சர். அதக்கூட வைக்காம எப்படி விடுதது?" என்றார்.

"நீ சும்மா இரி" என்றார் அண்ணாச்சி, வேகமாக.

நான் கிளாஸை வாங்கினேன். அந்தக் கையின் நடுவிரலில், முதல் கணுவுக்குப் பக்கத்தில், ஒரு காய்ப்பு இருந்தது. பென்சில் அழுத்தி வரும் காய்ப்பு. எனக்கும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

அண்ணாச்சி பையிலிருந்து வெள்ளைத்தாள் எடுத்து இரண்டு படம் போட்டார். மூடிய கை, விரிந்த கை. "நடுவுல மூணு போடுங்க. என் கண்ணு முன்னால."

கோடு போடுவதற்கு முன் எண்ணினேன். இரண்டிலும் ஐந்து. கட்டைவிரல் எந்தப் பக்கம் என்று பார்த்தேன். நகம், ரேகை, மணிக்கட்டு எல்லாம் பார்த்தேன்.

"இதுல என்ன வச்சிருக்கீய?"

"ஒண்ணும் வைக்கல."

நம்பவில்லை. மறுபடி எண்ணினேன். விளக்குப் பெட்டி இல்லாததால், தாள்களை விரலிடுக்கில் செருகி முன்னும் பின்னும் புரட்டிப் புரட்டி வரைந்தேன். அவர் தாளைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் படத்துக்கே இருபது நிமிடம் ஆயிற்று. மூன்றாவதில் சாரல் பட்டு கோடு கசிந்தது. "போதும்" என்றார்.

என் சீட்டை வாங்கி ஒவ்வொரு காட்சியாகக் கையெழுத்துப் போட்டார். எலுமிச்சைக் காட்சிக்கு வந்ததும் நிறுத்தினார். அதற்கு நேரே, பட்டாளத்து எழுத்தில், நிமிர்ந்த எழுத்தாக எழுதினார்: 'கையால் வரையப்பட்டது. ஆனால் கவனிக்காமல்.'

"அந்த ரெண்டாவது வரிய அடிச்சிருங்க அண்ணாச்சி. கேள்வி கேப்பாவ."

"கேக்கட்டும். பாத்தத எழுதுனேன்."

"அப்ப நானும் பாத்ததத்தான் எழுதணும்" என்றேன். நான் கையெழுத்துப் போட வேண்டிய அவருடைய சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். "நீங்க வரைஞ்சு நான் பாக்கல. அடுத்த ஞாயிறு சிவகிரிக்கு வாறேன்."

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி அருவியைப் பார்த்தார்.

அந்த ஏழு நாளும் பல கதைகளைக் கட்டி அடுக்கினேன். மெஷினை எங்காவது மறைத்து வைத்திருப்பார்கள், நான் போகும்போது தாள் எடுத்துக் காட்டி நடிப்பார்கள் என்று. சிவகிரியில் இறங்கி வீட்டைக் கண்டுபிடித்துப் போனபோது கதவு திறந்தே கிடந்தது. நடு அறையில் ஒரு மேஜை. மேஜையில் சதுரம் வெட்டிக் கண்ணாடி பதித்து, கீழே டியூப்லைட். இந்தப் பக்கம் ஒரு நாற்காலி, அந்தப் பக்கம் ஒரு நாற்காலி.

அண்ணாச்சி உட்கார்ந்து வரைந்தார். நாக்கு நுனியைப் பல்லுக்கிடையில் வைத்துக்கொண்டு, சன்னச் சன்னமாக, பத்துக் கோடு போட்டு ஒன்பதை அழித்து. மேஜையெல்லாம் ரப்பர் துகள். ஒரு தாளுக்கு என்னைவிட அதிக நேரம் ஆயிற்று.

"ரப்பர் போட மாட்டேன்னீயளே."

"மேப்புல போட மாட்டேன்."

அடுப்படியிலிருந்து அவர் மனைவி வந்தார். கையை முந்தானையில் துடைத்து, எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். அண்ணாச்சி வரைந்த அழுக்குத் தாளின் மேல் ஒரு புதுத்தாளை வைத்தார். பென்சிலைச் சாய்த்துப் பிடித்து, மணிக்கட்டை அசைக்காமல் தோளிலிருந்து ஒரே இழுப்பு. கோடு முடிந்தது. அடுத்தது. அடுத்தது. பத்தாவது நிமிடம் ஒரு கை எழுந்து நின்றது, தயங்கின இடமே இல்லாமல். இத்தனை மாதம் நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த கோடு அதுதான். அதன்பின் அண்ணாச்சி அடுத்த தாளைத் தள்ள, இவர் இழுக்க, இரண்டு பேரும் பேச்சில்லாமல் வேலை செய்தார்கள்.

"எங்கன படிச்சீய அக்கா?"

"எல்லாம் ஒங்க கிளாஸுலதான். இவுக கம்ப்யூட்டர் முன்னால உக்காந்திருப்பாவ. என் தல தெரியாம நான் பக்கத்துல தள்ளி உக்காந்திருப்பேன். மூணு வருசம், ஒரு கிளாஸ் விடல." பென்சில் நிற்காமல் பேசினார். "எனக்கு எட்டாங்கிளாஸோட முடிஞ்சு போச்சு டீச்சர். என் பேரச் சேக்க முடியாதுல்லா. நீங்ககூட ஒருநா கவிதை வாசிச்சீய. ஒண்ணும் வெளங்கல."

அண்ணாச்சி பென்சிலைக் கீழே வைத்தார். "டீச்சர், நீங்க சொன்னீயன்னா என் பட்டம் போயிரும். என்னது போனா இவளதும் போயிரும். அது ஒங்க வாயில இருக்கு" என்றார். கெஞ்சலாக இல்லை, ரிப்போர்ட் கொடுப்பது மாதிரி.

பைக்குள்ளிருந்து சீட்டை எடுத்தேன். 'இதிலுள்ள கோடுகள் அனைத்தும் கையால் வரையப்பட்டவை.' இரண்டு தடவை படித்தேன். மெஷினை நினைத்து எழுதிய வாசகம், வீட்டை நினைத்து எழுதியதில்லை. யார் கை என்று கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. கேட்டிருந்தால் என்ன எழுதியிருப்பேன் என்று இன்றும் எனக்குத் தெரியாது. அது சரியான காரியம் என்று சொல்லவும் மாட்டேன். எல்லாக் காட்சிகளுக்கும் நேரே கையெழுத்துப் போட்டேன். கடைசியில், கேட்காமலே, 'நேரில் பார்த்தேன்' என்று எழுதினேன்.

என் வாய்மொழித் தேர்வில் அண்ணாச்சியின் வரியைத்தான் முதலில் கேட்டார்கள். கவனிக்காமல் வரைவது எப்படி என்றார் தேர்வாளர். அடுத்தவர் தாளைச் சந்தேகப்பட்டுக்கொண்டே வரைந்தால் அப்படித்தான் வரும் என்றேன். அவர் நம்பின மாதிரி தெரியவில்லை. அந்தக் காட்சிக்கு மதிப்பெண் இல்லை என்றார்கள். மற்றதற்குக் கிடைத்தது போதுமானதாக இருந்தது.

மறுநாள் அண்ணாச்சியின் முறை. வகுப்பில் உள்ளவர்களும் பார்க்கலாம் என்பதால் நானும் திரையில் இருந்தேன். தேர்வாளர், அவர் எனக்குப் போட்டிருந்த இடைப்படங்களைப் பெரிதாக்கிக் காட்டி, இந்த வயதில் இவ்வளவு உறுதியான கோடு எங்கே பழகினீர்கள் என்று கேட்டார். அண்ணாச்சியின் கண் ஒரு கணம் திரைக்கு வெளியே, இடப்பக்கம் போய் வந்தது.

"வீட்டுல பழகுனது சார்."

அப்போது கட்டத்தின் ஓரத்திலிருந்து ஒரு கை நுழைந்து, டீ கிளாஸை அவர் முன்னால் வைத்துவிட்டு, அதே வேகத்தில் வெளியே போயிற்று. தேர்வாளர் அதைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டுக்கொண்டார். அடுத்த கேள்விக்குப் போனார்.